பாடுகளின் வாரம், புதன்கிழமைப் பக்கம்

ஆறு வருடங்கள் தொடர்ந்து லெந்து என்னும் தவக்கால நாட்களுக்கான தியானங்களை எங்கள் சபைக்கு நான்தான் எழுதினேன். சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை நாளுக்கு ஒரு பக்கம். ஏழாம் வருடம் எழுதவில்லை. கண் சரியில்லை என்று காரணம் சொன்னேன். கண் அப்போது நன்றாகவே இருந்தது.

எண்பதுகளில் வேலம்பாளையத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆபீஸ் மேனேஜராக இருந்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன். வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதுவதும் ஷிப்மென்ட் தாள்களைத் தயார் செய்வதும் என் வேலை. முதலாளி விவசாயக் குடும்பத்தில் வந்தவர், சபைக்காரர் அல்ல. ஆனாலும் தியானப் புத்தகத்தை ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டிக்கொள்ள அனுமதித்திருந்தார். ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க சார், பையருக்குத்தான் லெட்டர் எழுதறீங்கன்னு பாத்தா, உங்க சாமிக்கும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அவராச்சும் டைமுக்குப் பதில் போடறாருங்களா?"

ஆபீஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

லெந்து நாட்களில், வார நாள் மாலைகளில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும், அரை ஷிப்ட் ஓவர்டைமை விட்டுவிட்டு ஆட்கள் வருவார்கள். பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு பாயில் உட்காருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு அன்றைய தியானம். தியானத்தைப் போதகரோ நானோ வாசிப்பதில்லை. எந்த வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் வாசிக்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது நான். பெற்றோரில் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. தங்கள் பிள்ளை சத்தமாக வாசிப்பதை நாலு பேர் கேட்பது அவர்களுக்கு மகிழ்ச்சி. எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியலையும் நானே போடுவேன், சபையின் செயலர் என்ற முறையில்.

இன்னொரு பட்டியலும் என் கையில் இருந்தது. உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியும்போது பாடகர் குழுவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பேன். பெயர் வாசித்ததும் அந்தக் குடும்பத்தார் கல்லறையின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தோட்டம் சிறியது. சுற்றிலும் கம்பெனிகள் எழும்பிவிட்டதால் விரிவாக்க இடமில்லை. ஆகவே மூன்று ஈஸ்டர் தொடர்ந்து பெயர் வாசிக்கப்படாத குழியை வேறொருவருக்குத் தோண்டலாம் என்று விதி வைத்திருந்தோம். அந்தத் தீர்மானமும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு மணி அடிப்பதில்லை. பெயரும் வாசிப்பதில்லை.

எங்கள் கம்பெனியில் பேக்கிங் மேஜையில் ஒருவர் இருந்தார். சபைக்காரர். மனைவியோடும் மகளோடும் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு தோட்டத்தை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார். மனைவியும் எங்களிடம்தான், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை பார்த்தார். பேக்கிங்காரர் மடித்த பனியனை வேறு யாரும் மடித்ததோடு குழப்பிக்கொள்ள முடியாது. கைகளைப் பின்னால் திருப்பி, மூன்றாக மடித்து, கழுத்துப் பகுதி நிமிர்ந்து நிற்கும்படி ஒரு தட்டுத் தட்டுவார். பையருக்கு அனுப்பும் சாம்பிள்களை அவரிடம்தான் கொடுப்போம்.

கடைசி ஒரு வருடம் அவருக்கு வயிற்றில் வலி. கேஸ் ட்ரபுள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். "சோடா குடிங்கண்ணா, ஒரு ஏப்பம் உட்டாச் சரியாப் போயிரும்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். கேன்சர் என்றும் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்றும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். வெளியில் தெரிந்தால் மேஜையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அக்கம்பக்கத்தார் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள் என்று பயம்.

ஒரு நாள் காலை தோட்டத்துக் கிணற்றில் அவரைக் கண்டெடுத்தார்கள். படியில் துண்டும் சோப்பு டப்பாவும் இருந்தன. குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆலய மணி அடித்தோம். பாட்டுப் பாடி ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் குழியை விட்டு நகர மறுத்தது நினைவிருக்கிறது. அடுத்த ஈஸ்டரில் அவர் பெயரை நான் வாசித்தேன். தாயும் மகளும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, அவருடைய மனைவி ஆலயத்தின் பக்கவாசலில் என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கோணுமுங்க. ஐயருகிட்டக் கேக்கப் பயமா இருக்குதுங்க."

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள்.

"கேளுங்கம்மா."

"தானாப் போனவியள ஆண்டவரு சேத்துக்குவாருங்களா?"

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவிய குளிக்கப் போவலீங்க சார். காலைல எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். கெணத்துக்கு ஓடுனனுங்க. படியில சட்டைய மடிச்சு வெச்சிருந்தாங்க. எக்ஸ்போர்ட் பொட்டிக்குப் போறாப்பல. சோப்புல வாட்சும் மோதரமும். துண்டும் சோப்பு டப்பாவும் நான் வெச்சதுங்க. சட்டையோட ஊட்டுக்கு ஓடியாந்து, அதைய எடுத்துட்டுப் போயி வெச்சுப்போட்டு, பொறகுதான் சத்தம் போட்டனுங்க."

வாட்சும் மோதிரமும் சோப்புல என்று அவர் சொன்னது சட்டைப் பையை. எங்கள் பக்கத்தில் அதைச் சோப்பு என்பார்கள்.

"அந்தச் சட்டைய?"

"பிரிக்க மனசு வல்லீங்க. தகரப் பொட்டியில சேலைக்கு அடியில அப்புடியே கெடக்குது."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சட்டைய நெனப்புக்கு வெச்சிருக்கறன்னு நெனச்சுட்டு இருக்குது. அப்பன்னா அதுக்கு உசுரு. வலிங்க சார். ராவெல்லாம் தலகாணியக் கடிச்சுட்டுக் கெடப்பாங்க, புள்ள முழிச்சுக்கக் கூடாதுன்னு. என்ற கையப் புடிச்சுட்டு, போதுமா போதுமான்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

ஆண்டவர் சேர்த்துக்கொள்வார் என்று சொன்னேன். ஜெபித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். "சார் சொன்னாச் சரிதானுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுவருடம் தியானங்களை எழுத உட்கார்ந்தபோது ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்துப் புதன்கிழமைக்கு வந்து நின்றேன். அது இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான்றுகொண்டு செத்த யூதாஸின் நாள். நம்பிக்கையிழப்பைப் பற்றி எழுத வேண்டும். ஐந்து வருடம் எழுதியதையே திரும்ப எழுத அலுப்பாக இருந்தது. அப்போது அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது. இயேசுவின் வெறுமையான கல்லறையில் சுருட்டித் தனியே வைக்கப்பட்டிருந்த துணி ஒன்று உண்டு. அது உயிர்த்தெழுதலின் அடையாளம். இங்கே கிணற்றுப் படியில் மடித்து வைத்த சட்டை, நம்பிக்கையிழப்பின் அடையாளம். இரண்டு துணிகள். இந்த ஒப்பீடு எனக்குத் தோன்றியதும் நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு அதை விட முடியவில்லை.

வாக்குக் கொடுத்தது நினைவிருந்தது. பனியன் கம்பெனியை மில் என்று மாற்றினேன். கிணற்றைக் குளம் என்று மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்று மனசாட்சிக்குச் சொன்னேன். மடிப்பையும் வாட்சையும் மோதிரத்தையும் துண்டையும் சோப்பு டப்பாவையும் மாற்றவில்லை. அவை இல்லாவிட்டால் எழுத்தில் உயிர் இருக்காது. சட்டையை இவ்வளவு கவனமாக மடித்த கைகள் ஆண்டவரின் கையைப் பிடிக்கத் தவறிவிட்டன என்று எழுதினேன். மனைவி துண்டையும் சோப்பையும் வைத்து மனிதரை ஏமாற்றினாள், சபையையும் ஏமாற்றிப் பரிசுத்தவான்களின் நடுவே அவனைக் கிடத்தினாள், தேவனை ஏமாற்ற முடியுமா என்று முடித்தேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. ஒரு வரி எழுதி, அடித்தேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வேலம்பாளையத்தில் எங்கள் தையல் பிரிவு ஃபோர்மேன் வீட்டைப் போட்டிருந்தேன். அந்தப் பெண்ணின் வீடு செவ்வாய்க்கிழமை. திங்களன்று நான் பேக்கிங் லிஸ்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் வந்தார்.

"சார், புதங்கெழம கன்டெய்னர் லோடாகோணுமுங்க. மொதலாளி என்ற தலமேலயே நிக்கறாரு. அன்னிக்கு நம்மூட்ல கூட்டம் வெச்சா நானே இருக்க மாட்டனுங்க. நெருப்பெரிச்சல் அக்காகிட்டக் கேட்டேன், மாத்திக்கலாமுன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு நம்மூடு, புதன் அவிய ஊடு. சரிங்களா?"

"சரி, சரி, மாத்திக்கோங்க" என்றேன். டைப்ரைட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

புதன் மாலை நெருப்பெரிச்சலுக்குப் போகும்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஷிப்மென்ட் முடிந்த அலுப்பில் இருந்தேன். சுமார் இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டைத் தொடங்கினோம். எதிரே மகள் உட்கார்ந்து, வாசிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்தாள். சபையில் அவளைப் போல வாசிக்கிற பிள்ளை வேறு இல்லை. என் கையெழுத்தில் இருந்த தலைப்பைத் தலைகீழாகப் பார்த்தேன்.

அப்போது தெரிந்துவிட்டது. இன்னும் முக்கால் பாட்டு இருந்தது. பிறகு ஒரு முழுப் பாட்டு, ஒரு ஜெபம். 'இன்று தியானம் வேண்டாம், ஒரு சங்கீதம் வாசிப்போம்' என்று நான் சொல்லியிருக்கலாம். என் புத்தகம், என் கூட்டம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஏன் என்று ஒருவர் கேட்பாரே என்று பயந்தேன். கம்பெனியையும் கிணற்றையும்தான் மாற்றியிருக்கிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை அந்தக் குரலில் கேட்க எனக்கு ஆசை இருந்தது.

அவள் வாசித்தாள். மில் தொழிலாளி என்று தொடங்கியபோது குரல் சாதாரணமாக இருந்தது. சட்டை வந்தது. கைகளைப் பின்னால் திருப்பி மூன்றாக மடித்து, கழுத்து நிமிர்ந்து நிற்க. அங்கே நின்றாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரோரமாக டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. மகள் மறுபடி குனிந்து வாசித்தாள். துண்டு, சோப்பு டப்பா, வாட்சு, மோதிரம். சபையை ஏமாற்றியது. தேவனை ஏமாற்ற முடியுமா. கடைசி வரி வரை ஓர் எழுத்து விடாமல், திருத்தமாக, முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள்.

"நல்லா எழுதீருக்கீங்க சார். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர்.

மகள் எழுந்துபோய் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். சேலைகளை எடுத்து வெளியே போட்டாள். அடியிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு வந்து பாயின் நடுவில் வைத்தாள். இரண்டு வருடத்தில் மடிப்புக் கலையவில்லை. கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

"என்ன கண்ணு இது?" என்றார் பெரியவர். பேக்கிங்கில் வேலை செய்த இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு, பெரியவரின் தொடையைத் தொட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மகள் அம்மாவிடம்தான் பேசினாள். அழவில்லை.

"ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லல. இவருகிட்ட எதுக்கும்மா சொன்ன?"

அம்மா சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிவு ஜெபம் நான் செய்ய வேண்டும். செய்தேன். என்ன சொல்லி ஜெபித்தேன் என்று நினைவில்லை. ஆமென் சொன்னவர்கள் டீ குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர்.

"ஏனுங்க சார், நீங்க எழுதுனது நம்ம பேக்கிங்காரரத்தானுங்களா?"

"உதாரணத்துக்கு எழுதுனதுங்க."

"அட, சட்டையக் கண்ணால பாத்தவியளே சொல்றாங்க. அந்தம்மாகிட்டயும் கேட்டாச்சு, ஆமான்னுட்டாங்க. வேறெதும் பேசல, ஒரே அழுவ. சரி உடுங்க. எதுக்காக அப்புடிப் பண்ணுனாருன்னு உங்களுக்கு எதாச்சும் தெரியுமுங்களா? காரணம் கீரணம் இருந்தா ஐயருகிட்ட எடுத்துச் சொல்லலாம்."

"தெரியலீங்க" என்றேன்.

காரணத்தைச் சொன்னால், எல்லாவற்றையும் அந்தப் பெண் என்னிடம் நம்பிச் சொன்னது வெளிப்படும். வாக்கை மீறியவன் என்று ஆகும். தெரிந்தும் வலியை விட்டு எழுதியவன் என்றும் ஆகும். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் கணக்குப் பார்த்துத்தான் தெரியாது என்றேன். சனிக்கிழமை ஆலயக் கமிட்டி கூடி, அவர் பெயரை ஈஸ்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தது. பட்டியல் என்னிடம் இருந்தது. நான் பேனாவை எடுத்து அவர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன்.

ஞாயிறு விடியலில் அந்தப் பெண் தனியாக வந்திருந்தார். மகள் வரவில்லை. பட்டியல் மாறியதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் செயலராகிய நான். கணவரின் கல்லறைத் தலைமாட்டில் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு நின்றார். அந்த வரிசையில் இருந்த பெயர்களை வாசித்தேன். இடப்பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி எரிந்தது. வலப்பக்கத்தில் எரிந்தது. நான் அடுத்த வரிசைக்குப் போனேன்.

"சார்" என்று கூப்பிட்டார். "ஒண்ணு உட்டுப்போச்சுங்க."

வழக்கமாக என் கைத்தவறு ஏதாவது இருந்தால் செக்கிங் மேஜையிலிருந்து எப்படிச் சொல்வாரோ, அதே பணிவோடு சொன்னார். பாடகர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் தாளைத் திருப்பி அடுத்த பெயரை வாசித்தேன். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

ரிசல்ட் வந்ததும் மகள் கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்புக்கு ஹாஸ்டலில் போய்ச் சேர்ந்தாள். அம்மா கம்பெனியிலும் சபையிலும் நின்றுவிட்டு மூலனூரில் அண்ணன் வீட்டுக்குப் போனார். மகள் லீவுக்கும் அங்கே போவதில்லை என்று கேள்விப்பட்டேன். செயலர் பதவியிலிருந்து நானும் விலகினேன். ஓய்வு தேவை என்று பாராட்டி வழியனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில்தான் மூலனூருக்குப் போகத் துணிந்தேன். முருங்கைக்காய்ச் சந்தையில் அண்ணனின் மண்டி. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து காய்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"அதுக்கென்னங்க. எழுதறது உங்க வேல, எழுதுனீங்க" என்றார். ஒரு கட்டை முடித்துவிட்டு, "ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க. சோப்பு டப்பா வரைக்கும் எழுதுனீங்க. அந்த வலிய ஏனுங்க எழுதாம உட்டீங்க?"

இதற்கும் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

"எழுதுனா அவர் மேல எரக்கம் வந்துருமுன்னு உட்டுட்டேம்மா."

அவர் கையிலிருந்த காய்களைக் கீழே வைத்தார்.

"வரட்டுமேங்க" என்றார்.

பாடுகளின் கதையை எழுதி வைத்தவர்கள் வலியை மறைக்கவில்லை. சிலுவையில் தொங்கியவர் தாகம் என்று சொன்னதை எழுதியிருக்கிறார்கள். கைவிடப்பட்டதாகக் கதறியதை எழுதியிருக்கிறார்கள். இரக்கம் வரட்டும் என்றுதானே எழுதினார்கள்? நாற்பது நாள் அந்தக் கதையை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்ன நான், ஒரு மனிதனின் வலியைப் பாடம் கெட்டுவிடும் என்று அடித்துவிட்டேன். யூதாஸைப் பற்றியும் நான் நிச்சயமாக எழுதியவையெல்லாம் எனக்கு இப்போது நிச்சயமில்லை. அவன் மனம் எவ்வளவு வலித்தது என்று யாரிடம் சொன்னானோ.

புறப்படும்போது அவர் ஒன்று கேட்டார்.

"நான் போயிட்டா அவிய பக்கத்துல எனக்கு ஒரு எடம் வேணுமுங்க. பேரெல்லாம் வாசிக்க வேண்டாமுங்க. எடம் மட்டும். உங்களால முடியுமுங்களா?"

முடியும் என்றேன். மறுநாளே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அந்த வரிசையில், அவர் கணவர் கிடந்த இடத்தில், மெருகேற்றிய கருங்கல்லில் வேறொருவரின் பெயர் இருந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"மூணு ஈஸ்டரு பேர் வாசிக்கலீங்க. ரூல்ஸ்தானுங்களே. நீங்க இருந்தப்ப எழுதுனதுதான்."

அங்கிருந்து நேராக அந்த மூப்பரின் வீட்டுக்குப் போனேன். கேன்சரைப் பற்றியும் தலையணையைக் கடித்ததைப் பற்றியும் முதல் தடவையாக வெளியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குக் கேட்டனுங்களே சார். இத ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானே ஐயருகிட்டப் பேசியிருப்பனுங்க. பேர எடுத்திருக்க மாட்டமுங்களே."

மூலனூருக்குத் திரும்பப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். போகவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு லெந்து நாளில் அவர் இறந்த செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஊருக்கு வெளியே இருந்த சிறிய கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்திருந்தார்கள். மகள் நின்றிருந்தாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கடைசி ஒரு மாதம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டதாக அவள் மாமா சொன்னார். என்னை அடையாளம் கண்டு அவளே கிட்டே வந்தாள்.

"அம்மா சொல்லிட்டே இருந்தாங்க சார். அப்பா பக்கத்துல எடம் கேட்டிருக்கேன், சார் பாத்துக்குவாருன்னு. உங்க போன் நம்பர் கெடைக்கல. மாமா அவசரப்பட்டு இங்கயே வெச்சுட்டாரு. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரவாயில்லையம்மா என்று சொல்லிவிட்டு நான் தப்பித்திருக்கலாம். வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது.

"அங்க இடம் இல்லம்மா" என்றேன். "உங்கப்பாவோட குழியிலயே வேறொருத்தர வெச்சுட்டாங்க. பேர் வாசிக்காததால. பேர அடிச்சது நான்தான். வலிதான் காரணமுன்னு தெரிஞ்சும் கமிட்டியில சொல்லாம இருந்ததும் நான்தான். அம்மாகிட்ட இத நான் சொல்லவே இல்ல."

அவள் அம்மாவின் குழிமேட்டைப் பார்த்தாள். பிறகு, "நான் வாசிச்சனுங்களே சார்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சட்டைன்னு வந்தவொடனே தெரிஞ்சு போச்சுங்க. அங்கயே நிறுத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அம்மா மேல கோவத்துல கடைசி வரைக்கும் வாசிச்சேன். சட்டைய எடுத்து எல்லார் முன்னாலயும் போட்டேன். அதுக்காக அம்மா ஒரு நாளும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. அப்பா பேரு போனது என்னாலதான்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருக்கறனுங்க. அதனாலதான் ஊட்டுப் பக்கமே வரல."

"அப்ப நீ கொழந்தம்மா. நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். நீ பக்கத்தத் திறந்து மடியில வெச்சிருந்தியே, அப்பவே நான் பாத்துட்டேன். ரெண்டு பாட்டு முடியற வரைக்கும் தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சு."

அவள் முகத்தில் வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபமென்று மட்டும் சொல்ல முடியாது. பத்து வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்று தன்னுடையது இல்லை என்று கேட்ட முகம். அதற்காக இழந்த பத்து வருடமும் அம்மாவும் திரும்பி வராது என்றும் அறிந்த முகம். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவள் திரும்பி, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போனாள்.

"மாமா, சார் கெளம்பறாருங்க. வெயிலா இருக்குது, ஆரையாச்சும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயி உட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றாள்.

உறவுக்காரர் ஒருவர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வந்தார். வேண்டாம், நடந்தே போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.